கடலில் ஒரு வழி, காசல்ரீயில் வேறு வழி: பாய்மரப் படகில் ஆபத்து வந்தால் எதைத் தெரிவு செய்வது?

பாய்மரப் படகோட்டக் கையேடுகள் பெரும்பாலும் கடலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் அறிவுரையில் பாதி மலைநாட்டு நீர்த்தேக்கங்களான காசல்ரீயிலோ மவுசாகலையிலோ பாய் விரிப்பவருக்கு அப்படியே பொருந்தாது. ஒன்றிரண்டு அறிவுரைகள் படகையே கவிழ்த்துவிடும். கடலில் கரை எட்டாத் தூரம், இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைச் சரிவு. கடற்காற்று ஒரே திசையில் மணிக்கணக்காக வீசும், இங்கே ஒவ்வொரு மலைமூக்கைக் கடக்கும்போதும் புரளும். ஒரே ஆபத்துக்குக் கையேடுகள் சொல்லும் இரண்டு வழிகளில் எது மலைநாட்டு நீருக்கு ஒத்துவரும் என்பதே இங்கே கேள்வி. கணக்கில் எடுத்திருப்பது 14 முதல் 20 அடி வரையான சிறு படகு, அதில் இரண்டு மூன்று பேர்.

தொடங்குமுன் ஒன்று. நீர்த்தேக்கத்தில் இறங்க அதை நிர்வகிப்போரின் அனுமதி வேண்டும். அணைக்கட்டு, மின்நிலையச் சுரங்கத்தின் வாய், வான்கதவுப் பக்கம் எந்த நாளிலும் போகக் கூடாது. அங்கே மேல்நீர் அசையாமல் கிடக்கும், இழுவை அடியில் இருக்கும்.

வீச்சுக் காற்று: கயிற்றை விடுவதா, பாயைச் சுருக்குவதா?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைத்தொடரைத் தாண்டி இறங்கும்போது சீராக வராது. கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடக்கும், பிறகு அறையும். நீர்மேல் கருமையான திட்டு ஒன்று ஓடி வந்தால் அதுதான் வீச்சு. சரிவிலிருந்து கீழே விழும் காற்று நீரைத் தொட்டதும் விசிறிபோல விரியும். திட்டின் இடது ஓரத்தில் ஒரு திசையிலும் வலது ஓரத்தில் இன்னொரு திசையிலும் அடிக்கும். கரையில் மர உச்சிகள் வளைய, படகில் மட்டும் காற்றில்லை என்றால் அடுத்த நிமிடத்துக்குத் தயாராகுங்கள்.

பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றை விடுவது ஒரு வினாடி வேலை. பாய் படபடத்துக் காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும். ஒற்றை வீச்சுக்கு இது போதும். வீச்சுகள் அடுத்தடுத்து வந்தால் போதாது: பாய் படபடக்கும்போது படகு வேகம் இழக்கும், வேகமில்லாத படகுக்குச் சுக்கான் பிடிக்காது, அடுத்த அறை நின்றுபோன படகின் மீது விழும். ஷீட் கயிற்றை, அதைக் கவ்விப் பிடிக்கும் பல்லிடுக்கியில் மாட்டிவிட்டுத் தேநீர் குடிப்பவர்களுக்கு அந்த ஒரு வினாடியும் கிடைக்காது. கயிறு கையில் இருக்க வேண்டும்.

பாயைச் சுருக்க மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 நொட் (மணிக்கு 10 கடல்மைல்) காற்று 15 நொட் ஆனால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு. உயரத்தில் காற்று மெலிந்தது என்பது உண்மைதான். ஏறத்தாழ 1,100 மீற்றரில் கிடக்கும் காசல்ரீயில் கடல்மட்டத்தைவிட ஒரு பத்து வீதம், நுவரெலியாவில் பதினேழு வீதம் அளவுக்கு அழுத்தம் குறையும். ஒரே ஒரு வீச்சு அந்தச் சலுகையை விழுங்கிவிடும். அதே மெலிந்த காற்று வெளியிணைப்பு இயந்திரத்தின் வலுவையும் குறைக்கும் என்பதையே நினைவில் வைக்க வேண்டும்: கடலில் போதுமானதாக இருந்த இயந்திரம் இங்கே எதிர்காற்றில் திணறும்.

கடலில் தேவைப்படும்போது சுருக்கலாம். இங்கே கரையிலேயே சுருக்கிக்கொண்டு புறப்படுவதே நல்லது. காற்று ஓய்ந்தால் விரித்துக்கொள்வது எளிது. ஒழுங்கு இது: ஷீட்டைத் தளர்த்து, பாயை மேலே ஏற்றும் ஏற்றுக்கயிற்றைக் குறியிட்ட இடம்வரை இறக்கு, பாயின் முன்விளிம்பிலுள்ள ரீஃப் (பாய் சுருக்கும்) வளையத்தைக் கொக்கியில் மாட்டு, ஏற்றுக்கயிற்றை மறுபடி இறுக்கு, பின்மூலை ரீஃப் கயிற்றைப் பாயின் அடி தட்டையாகும்வரை இழு, கடைசியாக ஷீட்டைப் பிடி. நடுவிலுள்ள சிறு முடிச்சுகள் தொங்கும் துணியைச் சுருட்டிக் கட்ட மட்டுமே. அவற்றை இறுக்கினால் பாரம் பின்மூலையை விட்டு அங்கே ஏறும், பாய் அந்த ஓட்டைகளின் வரிசையில் கிழியும்.

முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து, சுக்கானைப் பூட்டி, படகைக் காற்றில் நிறுத்திவைக்கும் ஹீவ் டூ முறை கடலில் புயலுக்கே மருந்து. அப்படி நிற்கும் படகு ஒரு நொட் வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்தாலும் நிமிடத்துக்கு 31 மீற்றர். அரைக் கிலோமீற்றர் அகலமுள்ள நீரில் பதினாறு நிமிடத்தில் பாறை வந்துவிடும். பாயைச் சுருக்கும் அந்த மூன்று நான்கு நிமிடத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

பின்காற்றில், பெரிய பாயின் அடியைத் தாங்கும் பூம் கட்டை திடீரென்று மறுபக்கம் பாய்ந்து தலையில் அடிக்காமலிருக்க, கடலில் அதை அணியத்தோடு (படகின் முன்முனையோடு) கயிற்றால் கட்டுவார்கள். நிலையான காற்றுக்கு அது சரி. இங்கே மலைமூக்கைத் திரும்பியதும் காற்று 60 பாகை புரண்டால், கட்டிய பாய் பின்பக்கமாகக் காற்றை வாங்கி, விடுவிக்க முடியாமல் படகைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். கட்டாதீர்கள். நேர்பின்காற்றில் போகாமல் கொஞ்சம் சாய்த்து ஓட்டுங்கள். காற்று வலுத்தால் பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயில் மட்டும் வாருங்கள்.

கவிழ்ந்தால்: படகோடு இருப்பதா, நீந்துவதா?

இந்த ஒன்றில் கடலும் மலையும் ஒரே பதில் சொல்கின்றன: படகோடு இரு. ஆனால் இந்த விதியை மீறும் ஆசை இங்கேதான் அதிகம், ஏனென்றால் கரை 200 மீற்றரில் தெரிகிறது. குளிர்ந்த நீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு கட்டுப்படாது, பிறகு கைகால் விறைக்கத் தொடங்கும், சட்டையும் காற்சட்டையும் இழுக்கும். கரையைத் தொட்டாலும் முடிந்தபாடில்லை. நீர் வற்றிய காலத்தில் தேயிலைக்கும் நீருக்கும் நடுவே வழுக்கும் செம்மண் சேறுதான்.

முதல் வேலை மூச்சை அடக்குவது. பிறகு ஆட்களை எண்ணுவது, ஷீட்டுகளை எல்லாம் விடுவிப்பது. ஒருவர் அணியத்தைப் பிடித்துக் காற்றின் பக்கம் திருப்ப, மற்றவர் படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நிற்கலாம். பலகையின் நுனியில் நிற்காமல் படகுடலை ஒட்டி நின்றால் முறியாது. ஷீட்டை விடாமல் நிமிர்த்தினால் பாய் காற்றைப் பிடித்து அதே நொடியில் மறுபக்கம் கவிழும்.

ஆழங்குறைந்த ஓரத்தில் படகு முழுதாகத் தலைகீழானால் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். பலகையில் ஏறிக் குதித்தால் மரம் வளையும். அணியத்தைக் காற்றுக்குத் திருப்பிக் காத்திருங்கள், உதவிப் படகு வந்தால் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பாய்மர உச்சியில் சிறு மிதவையொன்று கட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வராது.

அடிப்பாரம் கொண்ட கீல் படகா, காற்றறைகள் கொண்ட டிங்கியா என்றால், இங்கே டிங்கிதான். கீல் படகு தானாக நிமிரும், ஆனால் உள்ளே நீர் புகுந்து மிதவை அறைகளும் இல்லையென்றால் அதே பாரம் அதை அடிக்கு இழுக்கும். அதன் கீல் அடிமரக்கட்டையில் மாட்டினால் அசையாது; டிங்கியின் நடுப்பலகையைத் தூக்கிவிடலாம். புறப்படுமுன் காற்றறை மூடிகளையும் வடிகால் அடைப்பானையும் விரலால் அழுத்திப் பாருங்கள். டிங்கி மூழ்கினால் காரணம் பெரும்பாலும் அந்த அடைப்பான்தான்.

உயிர்காப்பு அங்கி: ஊதுவதா, நுரையா?

தானாக ஊதும் அங்கி 150 நியூட்டன் மிதப்பு தரும், 33 கிராம் கரியமிலவாயு உருளையோடு வரும், மெல்லியது, அழகானது. அதன் மலிவான வகை நீரில் கரையும் சிறு வில்லையால் இயங்குகிறது. மாதக்கணக்கில் மூடுபனியில் ஊறும் வீட்டில் தொங்கவிட்டால் அந்த வில்லை சும்மாவே கரைந்து அங்கி அலமாரிக்குள் ஊதிவிடும். ஒருமுறை ஊதினால் புது உருளை, புது வில்லை. அட்டனில் எந்தக் கடையில் தேடுவது?

ஆகவே இங்கே 100 நியூட்டன் நுரை அங்கி. 50 நியூட்டன் வகை மலிவு, நீந்தவும் வசதி, ஆனால் மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. பூம் தலையில் அடிக்கும் விளையாட்டில் அது போதாது. குழந்தைக்குக் கால்களுக்கிடையே வரும் பட்டி கட்டாயம். இல்லையென்றால் அங்கி மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

ஆள் விழுந்தால்

எட்டுப்போட்டுத் திரும்பும் முறையில் நான்கைந்து படகு நீளம் விலகிப்போய்த் திரும்பி வர வேண்டும். உடன்நிறுத்தும் முறையில் அந்தக் கணமே காற்றுக்கு எதிராகத் திருப்பி, முன்பாயை மாற்றாமல் விட்டு, விழுந்தவரைச் சுற்றி நெருங்கலாம். பனிமூட்டம் சில நிமிடத்தில் இறங்கும் இடத்தில் விலகிப்போவது ஆபத்து, இரண்டாவதே நல்லது. ஒருவர் வேறெதையும் செய்யாமல் விழுந்தவரை விரலால் சுட்டிக்கொண்டே இருக்கட்டும். இயந்திரத்தில் நெருங்கினால் ஆள் அருகே வந்ததும் அதை நிறுத்திவிடுங்கள்.

இடிக்கு அதிக ஆராய்ச்சி வேண்டாம். கடலில் அறைக்குள் பாய்மரத்தை விட்டு விலகி இருப்பார்கள். இங்கே மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலுக்கு முன்பே கரையேறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவு என்றால் நேரம் கடந்துவிட்டது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கட்டடத்திலோ வாகனத்திலோ இருங்கள், மரத்தடியில் வேண்டாம்.

உதவி கேட்கக் கடலில் வீ.எச்.எஃப் வானொலியின் 16 ஆம் அலைவரிசை. இங்கே அதைக் கேட்க ஆளில்லை. நீர்புகாப் பையில் கைபேசி, கழுத்தில் விசில். பொலிஸ் 119, நோயாளர் காவுவண்டி 1990. மலை மறைக்கும் மூலைகளில் சிக்னல் இருக்காது. எங்கே இருக்கிறது என்று முதலே நடந்து பாருங்கள்.

நங்கூரமா, கரைக்கயிறா?

கயிற்று நங்கூரத்துக்கு ஆழத்தின் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். இவை மூழ்கிய பள்ளத்தாக்குகள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே 30 மீற்றர் ஆழம் வந்தால் 210 மீற்றர் கயிறு. அவ்வளவு விட்டால் படகு சுற்றிவந்து கரையிலேயே மோதும். அடியில் கிடப்பவையும் நங்கூரத்தை விடாது. மவுசாகலை 1969 இல் பழைய மஸ்கெலியா நகரத்தின் மேல் நிரம்பியது. நீர் வற்றும்போது கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். வெளியே தெரியும் சுவர் ஆபத்தில்லை. அரை மீற்றர் நீருக்கடியில் இருக்கும் சுவரே நடுப்பலகையைப் பிளக்கும்.

நங்கூரம் போட்டே ஆக வேண்டுமென்றால் அதன் தலைப்பகுதியில் இன்னொரு மெல்லிய கயிற்றைக் கட்டி மிதவையோடு விடுங்கள். மாட்டிக்கொண்டால் அதைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் கரைக்கயிறு: இரண்டு கயிறு, இரண்டு தனித்தனி மரம், தேயிலைச் செடியில் ஒருபோதும் வேண்டாம். கயிற்றைத் தாராளமாக விட்டு, நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவிட்டுத் தூங்குங்கள். மின்னுற்பத்திக்கு நீர் எடுத்தால் இரவோடு இரவாக விளிம்பு குச்சியை விட்டு இறங்கும், மேலே மழை பெய்தால் குச்சியே மூழ்கும். நள்ளிரவில் எழுந்து டோர்ச் அடித்துப் பார்ப்பவருக்கு எந்தக் கயிற்றை நீட்டுவது, எதைச் சுருக்குவது என்பதை அந்தக் குச்சி சொல்லிவிடும்.