லண்டன் ஸ்டேடியம்: ஆள் கூடியும் ஆரவாரம் கூடவில்லை

லண்டன் கால்பந்து அணியான வெஸ்ட் ஹாம் 2016-ல் தன் பழைய மைதானமான அப்டன் பார்க்கை விட்டு லண்டன் ஸ்டேடியத்துக்கு வந்தது. அங்கே கொள்ளளவு சுமார் 35,000, இங்கே 62,500. கூட்டம் ஏறக்குறைய இரட்டிப்பானது, அந்தப் பழைய இரைச்சல் மட்டும் வந்து சேரவில்லை. ரசிகர்களின் தொண்டையைக் குறை சொல்வது அநியாயம். குறை கட்டடத்தில் இருக்கிறது.

இது 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. நடுவே தடகளப் பாதை, அதைச் சுற்றி வளைந்த இருக்கைகள். கால்பந்துக்காகக் கீழ் அடுக்கில் நகரும் இருக்கைகளைப் போட்டு, பாதையை மூடி முன்னால் இழுத்தார்கள். மேல் அடுக்கு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளிதான் பெரிய சிக்கல். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். கீழே 50 பேர் தொடங்கும் பாட்டு, மேலே இருப்பவர் காதில் வெறும் முணுமுணுப்பாக விழுகிறது. கேட்காத பாட்டை யார் கூடப் பாடுவார்கள்? கூரை எல்லா இருக்கைகளையும் மூடுகிறது, மழைக்கு அருமை. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து ஒலி தேய்ந்துதான் திரும்பும். பின்னாளில் கோலுக்குப் பின்னால் உள்ள கீழ் ஸ்டாண்டுகளை நேராக்கி ஆடுகளத்தை நெருங்க வைத்தது நல்ல வேலை. இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு லண்டன் அணியான டாட்டன்ஹாம் 2019-ல் திறந்த மைதானத்தோடு ஒப்பிட்டால் விஷயம் பளிச்சென்று புரியும். தெற்கு ஸ்டாண்டில் ஒரே அடுக்காக 17,500 பேர், 34 டிகிரி சரிவு, முதல் வரிசைக்கும் ஆடுகளத்துக்கும் சுமார் 5 மீட்டர்தான். ஒரு மூலையில் எழும் கோஷம் தடையில்லாமல் முழு ஸ்டாண்டுக்கும் பரவும்.

1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் சிக்கி இறந்த துயரத்துக்குப் பிறகு, 1994 முதல் இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் இரண்டு பிரிவுகளில் நின்று பார்க்கும் இடங்கள் போய், எல்லோருக்கும் உட்காரும் இருக்கை கட்டாயமானது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. 2022 முதல் கம்பித் தடுப்பு வைத்த இருக்கைகளில் நின்று பார்க்கலாம். ஆனால் இருக்கைக்கு ஒருவர்தான் என்பதால் நெரிசல் அதிகமாகாது. நிற்பதால் மூச்சு நன்றாக இழுக்கலாம், குரல் எழும்பும்.

கட்டடத்தைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஆட்டம் தொடங்க 10 நிமிடம் இருக்கும்போதே ஒலிபெருக்கியை நிறுத்துவது. கூட்டம் தானாகப் பாட்டு எடுப்பது அந்த நேரத்தில்தான்.

லண்டன் ஸ்டேடியத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள், கோலுக்குப் பின்னால் உள்ள பாபி மூர் ஸ்டாண்டின் கீழ் அடுக்கைப் பாருங்கள். நண்பர்களாகப் போனால் அடுத்தடுத்த இருக்கைகள் கிடைக்கும்வரை காத்திருங்கள். பிரிந்து உட்கார்ந்தால் வாய் திறக்கத் தோன்றாது.