மல்டி கேஷா, புவியியல் புதிரா?

சென்னை பெசன்ட் நகர் பக்கம் ஜியோகேஷ் (ஜிபிஎஸ் புள்ளியை வைத்து மற்றவர்கள் தேடி எடுக்க ஒளித்து வைக்கும் டப்பா) வைக்க இரண்டு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன். ஒன்றை எடுத்துவிட்டேன், இன்னொன்று இன்னும் இருக்கிறது. எந்தப் பக்கம் சாயப்போகிறேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

எடுத்தது மல்டி. பூங்கா அடிக்கல்லில் உள்ள வருடம், சுவரில் எழுதிய எண் என்று ஒவ்வோர் இடமாக நடந்து பொறுக்கி, கடைசி டப்பா இருக்கும் இடத்தைக் கணக்குப் போட வேண்டும். இருப்பது மிஸ்டரி, அதாவது புதிர்; ஜியோகேஷ் வரைபடத்தில் நீலக் கேள்விக்குறியாகத் தெரியும். அது காட்டும் புள்ளி சும்மா. நிஜ டப்பா அதிலிருந்து 3.2 கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கும். புவியியல் கேள்விகளுக்கு வீட்டிலேயே விடை கண்ட பிறகுதான் செருப்பு மாட்ட முடியும்.

நடக்கிற சுகம் மல்டியில்தான், அதில் சண்டையே இல்லை. புதிர் என்றால் கூகுளில் தேடி அவிழ்த்துவிடுவார்களே என்பார்கள். அவிழ்க்கட்டுமே.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. மல்டி வைத்த நாலாவது மாதம் அடிக்கல்லின் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி, சரியாக வருடத்தை மறைத்து. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். 7 இருந்த இடத்தில் 1 மாதிரி ஏதோ மிச்சம். ஒவ்வொரு முறையும் வெயிலில் போய் வேறு எண் தேடி, சூத்திரத்தையும் திருத்த வேண்டும். நாலு நிலை என்றால் நாலு இடத்துக்குக் காவல். புதிரில் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு டப்பா. கேள்வி பழுதானால் வீட்டில் உட்கார்ந்தே மாற்றலாம்.

ஆமாம், கேள்வியும் பழுதாகும். 2018-ல் நான் போட்ட முதல் கேள்வி: தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? அப்போது 32. கடைசி இலக்கமான 2-ஐ 'க' என்று வைத்து, அட்சரேகையை 13 பாகை 00.கசட நிமிடம் என்று எழுதினேன் (ச, ட மற்ற கேள்விகளின் விடைகள்). அடுத்த வருடமே கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து கூடி 37. 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38. அட்சரேகையில் நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு என்பது தரையில் சுமார் 185 மீட்டர். 2 இருந்த இடத்தில் 8 போட்டால் 1.1 கிலோமீட்டர் வடக்கே போய், அடையாற்று முகத்துவாரம் பக்கம் நிற்க வேண்டியதுதான். சரியான விடை போட்டவருக்குச் செக்கர், அதாவது விடையைச் சரிபார்க்கும் இணையக் கருவி, 'தவறு' என்றது. திட்டி எழுதியிருந்தார். நியாயம்தான்.

அதிலிருந்து, அரசாணையால் மாறக்கூடிய எதையும் கேட்பதில்லை. மாநகராட்சி வார்டும் அப்படித்தான்: 155 இருந்தது 2011-ல் 200 ஆனது. மலையையும் ஆற்றையும் கேட்கிறேன். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் வடக்கிலிருந்து தெற்கே எந்த வரிசையில் கடலில் சேர்கின்றன என்றும் கேட்கலாம். ஆனால் பெயரில் எத்தனை எழுத்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கொசஸ்தலையாறா, குசஸ்தலையா என்று ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். கொஞ்சம் சந்தேகமான விடையைக் கடைசி இலக்கத்துக்குத் தள்ளுங்கள். அங்கே ஒன்று பிசகினால் இரண்டு மீட்டர்கூட இல்லை, கண்ணால் தேடியே எடுத்துவிடலாம்.

புதிருக்கு ஆள் குறைவாகத்தான் வருகிறார்கள். அது புதிரால்தானா, இந்த ஊரில் தேடுபவர்களே குறைவு என்பதாலா என்று என் ஒரே டப்பாவை வைத்துச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் தாள் ஊறுவது இரண்டுக்கும் பொது. அப்புறம், பள்ளிக்கூடம் மாதிரி சுவரெழுத்து பத்து வருடம் மாறாத இடம் உங்கள் ஊரில் இருந்தால் மல்டியே வையுங்கள். என் கணக்கு அங்கே செல்லாமல் போகலாம்.

மாவட்டக் கேள்வியை எடுத்துவிட்டு, ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஆதாரக் கோடு அளந்து இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கிய வருடத்தைக் கேட்டேன். 1802. கடைசி இலக்கம் அதே 2. டப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறது.