பொய்க்காயம் பட நாலு மணி நேர வகுப்பு: போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. அதில் ஒன்று முழுக்க அந்தத் தாதியக்காவுக்கு.

எங்கள் புளோக் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில், அவசரகாலப் பயிற்சி ஒன்றில் காயம்பட்டவர்களாக நடிக்கத் தொண்டூழியர்கள் வேண்டும் என்று ஒட்டியிருந்தார்கள். பயிற்சிக்கு முந்தைய சனிக்கிழமை சமூக மன்றத்தில் நாலு மணி நேரத் தயாரிப்பு வகுப்பு, கட்டாயம், இலவசம், மதியச் சாப்பாடு உண்டு. படுத்துக் கிடக்க எதற்கு நாலு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1986 மார்ச் 15 அன்று இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து விழுந்தபோது அப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் வேலை பார்த்தார். 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள், எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இடிபாட்டுக்குள் குடைந்து போய் உதவினார்கள். இதையெல்லாம் அப்பா வாயால் நூறு முறை கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பக்கம் நின்று பார்த்தவர் அவர், உள்ளே கிடந்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. ஆசை என்ற சொல் சரியா தெரியவில்லை.

சரி, வகுப்பு. முதல் முக்கால் மணி நேரம் வீண். பாதுகாப்பு விதிகள் என்று திரையில் ஸ்லைடு மேல் ஸ்லைடாக ஓட்டினார் ஏற்பாட்டாளர், பின்வரிசையில் பாதிப் பேர் போனில் இருந்தார்கள். ஆனால் அந்தக் குவியலுக்குள் முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. நடிக்கும்போது உண்மையிலேயே நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொல்வதற்கு ஒரு தனிச் சொல். எல்லாரும் "வலிக்குது, செத்தேன்" என்று கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் நிஜமாக நெஞ்சு வலிக்கிறவர் "வலிக்குது" என்றால் யார் நம்புவார்? இதைக் கடைசிக்கு முந்தின ஸ்லைடில் போட்டிருந்தார்கள். முதலில் வரவேண்டியது அது. நிஜ நோய்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், பசை ஒவ்வாமை, இருட்டறைப் பயம் எல்லாம். அது நல்ல காரியம்.

அப்புறம்தான் தாதியக்கா வந்தார். ஓய்வுபெற்ற தாதி, நம்மாள், குரல் மட்டும் இன்னும் வார்டில்தான் இருக்கிறது. ஆளுக்கொரு அட்டை கொடுத்தார், கழுத்தில் மாட்டிக்கொள்ள. என்னுடையதில்: வலது தொடை எலும்பு முறிவு, மூச்சு நிமிடத்துக்கு 34, மணிக்கட்டில் நாடி இல்லை, பேசுவார், குழப்பம். நம் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மீட்பவர் நாடி பிடித்தால் டங்டங்கென்று அடிக்கும், அதனால்தான் அட்டை. ஆனால் அதை நீட்டிக் காட்டிவிடக் கூடாதாம். அவர் கையைப் பிடித்த பிறகுதான் "நாடி இல்லை" என்று சொல்ல வேண்டும், மூச்சை எண்ணிய பிறகுதான் 34 என்று சொல்ல வேண்டும். நான் ஒத்திகையில் ஆர்வக் கோளாறில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். "அண்ணே, கேட்டதுக்கு மட்டும் பதில். நீங்களே சொல்லிட்டா அந்தப் பையன் என்னத்தைக் கத்துக்குவான்?" என்றார். அவ்வளவுதான், நாலு மணி நேரம் எதற்கு என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

எண்களுக்கும் விளக்கம் கொடுத்தார். யாரை முதலில் கவனிப்பது என்று காயம்பட்டவர்களைப் பிரிக்க, கலிஃபோர்னியாவில் 1983இல் உருவான ஸ்டார்ட் என்ற முறையில், மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் சிவப்பு, அதாவது உடனே பார்க்க வேண்டியவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டால் சிவப்பு, சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. நடக்க முடிந்தவர்கள் பச்சை, காத்திருக்கலாம். மூச்சுக்குழாயைத் திறந்துவிட்டும் மூச்சு வராவிட்டால் கறுப்பு. நம் ஊரில் அவசர வரிசைப்படி பி1, பி2, பி3 என்றும், இறந்தவருக்கு பி0 என்றும் சொல்கிறார்கள். ஓர் ஆளைப் பார்த்து முடிவெடுக்க ஒரு நிமிடம்கூடக் கிடையாது. நாம் உளறிக் கொட்டினால் அந்த நேரமும் போச்சு.

காய மேக்கப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சோளப் பாகு, சிவப்பு உணவுச் சாயம், நிறம் பளிச்சென்று இல்லாமல் இருக்க ஒரு சிட்டிகை கோகோ தூள், இதுதான் ரத்தம். தொடையில் சிலிகோன் காயத்தை ஒட்டி அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் எலும்பு. வியர்வைக்கு கிளிசரின் கலந்த தண்ணீர். அதன்பிறகு முகம் வெளிறிப் போனதாகக் காட்ட உதவிக்கு வந்த பாலிடெக்னிக் பெண் எனக்கு வெள்ளைப் பவுடரைப் பூசினாள், கண்ணாடியில் பார்த்தால் பழனி போய் வந்தவன் மாதிரி இருக்கிறேன். தாதியக்கா சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டார். நம் நிறத்தில் ரத்தம் குறைந்தால் கன்னத்தில் தெரியாது, உதட்டிலும் நகத்திலும் உள்ளங்கையிலும் கீழ் இமைக்கு உள்பக்கமும்தான் தெரியும் என்று சொல்லி, உதட்டிலும் நகங்களிலும் மட்டும் சாம்பல் நீலத்தில் லேசாகத் தடவினார். முகத்தில் வேறொன்றும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தேன், அப்பாவைக் கடைசியாக மருத்துவமனையில் பார்த்த முகம். கொஞ்ச நேரம் நான் யாரோடும் பேசவில்லை.

எந்த மொழியில் கத்துவது என்று பக்கத்திலிருந்த மலாய் மக்சிக், மலாய்க்கார ஆன்ட்டி, கேட்டார். அடிபட்டால் வாயில் எது வருமோ அதுவே என்றார் தாதியக்கா. பயிற்சி நாளில் நான் "ஐயோ, தொடை, தொடை" என்று கத்த, குனிந்து பார்த்த சீனத் தம்பிக்கு, கட்டாயத் தேசிய சேவையில் இருக்கும் பையன் போல, ஒன்றும் புரியவில்லை. இரண்டு விநாடி யோசித்துவிட்டு "சாக்கிட்? மானா?" என்றான், வலிக்குதா, எங்கே என்று மலாயில். நானும் மலாயிலேயே காட்டினேன். இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று அவனுக்கு எந்த ஸ்லைடும் சொல்லியிருக்காது.

இனி குறைகள். பழைய உடுப்பு போட்டு வாருங்கள் என்றார்கள், கத்தரியால் கிழிப்பார்கள் என்று சொல்லவில்லை. என் கால்சட்டை இடுப்பு வரை போனது. சோளப் பாகு ரத்தத்தோடு புல்தரையில் படுத்தால் எறும்பு வரும் என்றும் யாரும் சொல்லவில்லை, வந்தது, மொத்தக் குடும்பத்தோடு. எறும்புக்கு அந்தத் தனிச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று யோசித்தே பத்து நிமிடம் ஓடியது. முடிந்ததும் மேக்கப் கலைக்க ஈரத் துணி இரண்டு கொடுத்தார்கள். கழுத்தெல்லாம் சிவப்போடு, இரவல் கைலியில் எம்ஆர்டி ஏறினேன். ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்தார், இன்னொருவர் ஆம்புலன்சுக்கு 995 அழுத்தப் போனார், நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தடுத்தேன். நிஜ உதவி எண்ணைப் பொய்க்காயத்துக்கு அடிக்க வைக்கிற நிலைமைக்கு ஆளை அனுப்புவது விளையாட்டில்லை.

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். ஒன்றைத்தான் மன்னிக்க மனம் வரவில்லை. எனக்குப் பவுடர் பூசிய அந்தப் பாலிடெக்னிக் பெண்ணுக்குக் கறுப்பு அட்டை. அட்டையைப் பார்த்தார்கள், தாடையைத் தூக்கி மூச்சு பார்த்தார்கள், கறுப்புப் பட்டை கட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். சரியான காரியம்தான், அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அவள் நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தாள், சுற்றி எல்லாரையும் தூக்கிப் போகிறார்கள், அவளை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து அழுதாள். மக்சிக்தான் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். எப்படிக் கத்துவது என்று நாலு மணி நேரம் சொல்லிக்கொடுத்தவர்கள், விட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று பத்து நிமிடம் பேசியிருக்கலாம். கறுப்பு அட்டை யாருக்கு வேண்டாம் என்றாவது முன்கூட்டியே கேட்டிருக்கலாம். முடிந்த பிறகு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசவும் இல்லை, மீகூன் (அரிசி சேமியா) பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மீகூன் நன்றாக இருந்தது, அது வேறு.

2006 ஜனவரியில் நாலு எம்ஆர்டி நிலையங்களிலும் ஒரு பேருந்து முனையத்திலும் நார்த்ஸ்டார் என்ற பெரிய அவசரகாலப் பயிற்சி நடந்தபோது ஆயிரக்கணக்கான பயணிகளை வைத்துச் செய்தார்கள். எங்கள் கூட்டம் அறுபது பேர்தான், ஒரு மணி நேரம் பேசி அனுப்பியிருக்கலாம்.

போகலாமா என்றால், போங்கள். மீட்பவர்களுக்கு நாம்தான் பாடப்புத்தகம், தப்பும் தவறுமாக அச்சான புத்தகம் அவர்களுக்கு எதற்கு? தூக்கியெறியத் தயாராக உள்ள உடுப்பு, மாற்றுடுப்பு, மேக்கப் கலைக்க பேபி ஆயில், தண்ணீர் போத்தல், இவற்றை நீங்களே எடுத்துப் போய்விடுங்கள். போனைப் பூட்டி வைக்கச் சொல்வார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பார்ப்பவர்கள் நிஜம் என்று நம்பிவிடுவார்கள், அதனால் கோபப்படாதீர்கள். தாதியக்கா வகுப்பு எடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள், ஸ்லைடு ஓட்டுகிறவர் மட்டும் என்றால் யோசிக்கலாம்.

குறைகளை எழுதி ஏற்பாட்டாளருக்கு அனுப்பினேன், கறுப்பு அட்டை விஷயத்தை முதல் வரியில் போட்டேன். கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்ததற்கும் பெயர் கொடுத்திருக்கிறேன், இந்த முறை கறுப்பு அட்டையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். சிமெண்டுத் தரையில் படுக்க வையுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன், எறும்பு.