கொஷிட்சே பக்கத்து ரோமா குடியிருப்பில் சுகாதார உதவியாளர் சேவை: ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்தது

ஸ்லோவாக்கியாவின் கொஷிட்சே நகரத்தில் மருத்துவம் படிக்க வந்து இது ஐந்தாவது வருஷம். எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்று ஜூனியர்களுக்கு எழுதியே பழகிய எனக்கு, அரசாங்கச் சேவைக்கு நட்சத்திரம் போடுவது புதுசு.

சேவையின் பெயர் ஸ்த்ராவே ரெகியோனி. 'ஆரோக்கியமான வட்டாரங்கள்' என்று அர்த்தம். ஸ்லோவாக்கியாவின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. ரோமா என்பவர்கள் இங்கே இருக்கும் ஒரு சிறுபான்மை மக்கள். அவர்களிலிருந்தே ஆட்களை எடுத்து, குடியிருப்புகளில் வீடு வீடாக அனுப்புகிறார்கள். தடுப்பூசி நாளை நினைவுபடுத்துவது, டாக்டரிடம் நேரம் வாங்கித் தருவது, மருந்துச் சீட்டை விளக்குவது எல்லாம் இவர்கள் வேலை. கட்டணம் கிடையாது.

நான் கூடப் போன அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். முதல் வீட்டில் ஒரு தாத்தா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "துக்கல் மன் ஓ ஷேரோ" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துக்கம், சிரம்! தலை வலிக்கிறதாம். இவர்களுடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து கிளம்பி ஆயிரம் வருஷம் ஆகிறது, வலிக்கு மட்டும் அதே சொல். அக்கா அவர்கள் மொழியான ரோமானியிலேயே பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்கிவிட்டார்: மாதக் கடைசி வரை வரட்டும் என்று தாத்தா பிரஷர் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். வெள்ளைக் கோட்டு போட்ட யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மதியம் ஒரு கைக்குழந்தையையும் தாயையும் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். எந்தக் கிளினிக் என்று சொல்லப் போவதில்லை. குழந்தை என் இடுப்பில். வரவேற்பில் இருந்த பெண் என் நிறத்தைப் பார்த்து என்னையும் ரோமா என்று நினைத்துக்கொண்டு, "என்ன வேணும் உனக்கு? கார்டை எடு" என்றார். ஸ்லோவாக்கிலும் நீ, நீங்கள் உண்டு. நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் 'நீங்கள்' ஆகிவிட்டேன். அக்கா கடைசி வரை 'நீ'தான். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

ரோமா பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே பயப்படுகிறார்கள் என்று வகுப்பில் அலுத்துக்கொள்வார்கள். 2000-ல் இந்த நாட்டில் ஒரு ரோமா பெண்ணிடம் பிரசவ வலியிலேயே கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்தார்கள். 2011-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறென்று தீர்ப்பளித்தது. இப்படி நடந்த கருத்தடைகளுக்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2021-ல்தான். அந்தப் பயத்தை வாசலிலேயே இறக்கி வைக்க அக்கா மாதிரி ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

குறை? சேவையில் இல்லை, அது போய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. காலில் புண்ணோடு இருந்த பையனுக்கு டாக்டர், "தினம் இரண்டு தடவை சுத்தமான தண்ணீரில் கழுவு" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவன் வீட்டுக்குத் தண்ணீர் சரிவுக்குக் கீழே இருக்கும் அடிபம்பிலிருந்து வாளியில்தான் வர வேண்டும். பிப்ரவரியில் அது உறைந்து கிடந்தது. செக், ஹங்கேரி, ருமேனியா உட்படப் பத்து நாடுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை எடுத்து 2022-ல் வெளியிட்ட கணக்கில், ரோமா பெண்களின் ஆயுள் மற்றவர்களைவிட 11 வருஷம் குறைவு, ஆண்களுடையது 9. உதவியாளரால் குழாய் போட முடியாது.

அக்காவுக்கு ஐந்து நட்சத்திரம். கிளினிக் வரவேற்புக்கு ஒன்று, அதுவும் நாற்காலி நன்றாக இருந்ததற்காக. போக நினைக்கும் ஜூனியர்கள் ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே தார் ரோடு இல்லை. கொடுக்கும் காப்பியை வேண்டாமென்று சொல்லாதீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியுமே.