ஆறு வருடமாக ஒரே பை: என் பயன்பாட்டு அனுபவம்

நான் தினமும் தோளில் மாட்டித் திரியும் பைக்கு இப்போது ஆறு வயது. அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் நான்கு பைகள் வாங்கியிருந்தேன். நான்கின் விலையையும் கூட்டினால் இதன் விலையைத் தாண்டிவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் வாங்கியபோது காசு மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

முதல் பையில் போனது ஜிப். துணி புதுசு மாதிரியே இருந்தது. ஜிப்பில் பெரும்பாலும் பற்கள் தேய்வதில்லை. அவற்றைக் கோத்துக்கொண்டு ஓடும் ரன்னர்தான் தேய்ந்து வாய் அகன்றுவிடும். இழுத்தால் ஓடும், பின்னாலேயே திறந்துகொள்ளும். பிளையரால் ரன்னரின் இரண்டு ஓரங்களையும் லேசாக அழுத்தினேன், இரண்டு வாரம் தாங்கியது. மறுபடி அழுத்தியதில் உடைந்து கையோடு வந்தது. ரன்னரை மட்டும் மாற்றலாம் என்று அப்போது தெரியாது. பையையே தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது, 'லெதர்' என்று விற்றது. தோல் துணுக்குகளை அரைத்து, பசையால் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசிய சரக்கு. ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரிந்து, சட்டைத் தோளெல்லாம் கறுப்புத் துகள். பாலியூரித்தேனைக் காற்றின் ஈரப்பதமே சிதைத்துவிடும். அலமாரியில் சும்மா வைத்திருந்த ஷூவின் சோல் பொடிந்து உதிர்வதும் பல சமயம் இதனால்தான்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவது, பட்டை பிய்ந்து லேப்டாப்போடு கீழே விழுந்தது. திரை மாற்றிய செலவைப் பையின் விலையோடுதானே சேர்க்க வேண்டும்? கடை கடையாக அலைந்த நாட்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மலிவான பொருளுக்கு நாம் கொடுக்காத மிச்சத்தை, அதைச் செய்யும் வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதும் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. ஆனாலும் தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

சரி, இந்தப் பைக்கு வருகிறேன். வாங்கும் முன் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பட்டை சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையலும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன், விலையைப் பார்த்து அல்ல. நண்பர் ஒருவர் இதைவிட அதிக விலைக்கு வாங்கிய பையில் ஒற்றைத் தையல்தான். எட்டே மாதத்தில் பிய்ந்தது.

குறை இல்லாமல் இல்லை. காலியாக இருக்கும்போதே கனம். நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். இதுவரை ரன்னர் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன், லைனிங் ஒரு தடவை தைத்தேன். இப்போது அடியில் ஒரு மூலை நைந்து வருகிறது. ஒட்டுப் போடத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், நிறம்தான் பொருந்தவில்லை.