விவிலிய எபிரேயமா, நவீன எபிரேயமா? யூதவியல் மாணவர் எதில் தொடங்குவது

எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்: 22 எழுத்துகள், ஐந்துக்குச் சொல்லிறுதியில் வேறு வடிவம், வலமிருந்து இடம். சிக்கல் வினைச்சொல்லில். இன்றைய பேச்சில் 'யோமர்' என்றால் 'சொல்வான்'. விவிலியத்தில் முன்னால் 'வ' ஒட்டி 'வய்யோமெர்' ஆனால் 'சொன்னான்'. பேச்சுமொழி மட்டும் கற்றவர் ஆதியாகமத்தின் முதல் பக்கத்திலேயே தடுமாறுவது இதனால்தான்.

சொற்களின் பொருளும் மாறியிருக்கிறது. 1 இராஜாக்கள் 10:22-இல் மயில் என்று கொள்ளப்படும் 'துக்கி' (நம் 'தோகை'தான் அங்கே போனது என்பது அறிஞர் பலர் கருத்து) இன்று கிளி!

விவிலியப் பாடநூலில் உயிர்ப்புள்ளிகள் (உயிரொலியைக் காட்டும் குறிகள்) அச்சாகியிருக்கும். செய்தித்தாளில் இருக்காது, ஒரே மூன்றெழுத்தை 'செஃபெர்' (புத்தகம்) என்றோ 'சப்பார்' (முடிதிருத்துபவர்) என்றோ இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

பழங்காலச் சமயம் படிப்பவருக்கு விவிலிய எபிரேயம். இஸ்ரேல் வரலாறு, இலக்கியம் என்றால் நவீனம். இன்னும் முடிவு செய்யாதவர் நவீனத்தில் தொடங்கட்டும். வாய்விட்டுப் பேசிப் பழகிய வேர்ச்சொற்கள் எளிதில் மறக்காது, பழைய இலக்கணத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தல்மூத் (யூதச் சட்ட விவாதத் தொகுப்பு) படிக்கப்போகிறவருக்கு இரண்டுமே போதாது: அதன் விவாதப் பகுதியான கெமாரா பெரும்பாலும் அரமேய மொழி, பக்கத்தில் ஓடும், இடைக்கால அறிஞர் ராஷியின் உரைக்கோ தனி எழுத்துரு.