எவோ இன்ஜினில் 2.0, 2.2, 2.3, 2.4: ஸ்ட்ரோக்கர் யாருக்கு, எதற்கு?

மிட்சுபிஷி லான்ஸர் எவல்யூஷன் வைத்திருப்பவர் 700 குதிரைத்திறன் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த பேச்சு ஸ்ட்ரோக்கராகத்தான் இருக்கும், அதாவது ஸ்ட்ரோக் நீளமான க்ராங்க்கைப் போட்டு இன்ஜினின் கொள்ளளவைக் கூட்டுவது. 1992-ல் வந்த முதல் எவோ தொடங்கி ஒன்பதாவது வரை உள்ளே இருந்தது 4ஜி63. இரும்பு பிளாக், 85 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 88 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1997 சிசி. பத்தாவதில் அலுமினிய பிளாக்குடன் வேறு இன்ஜின் வந்துவிட்டது, அதை இங்கே விட்டுவிடுவோம். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்து நம் சாலைகளில் ஓடிய லான்ஸரிலும் இது கிடையாது. அதில் இருந்தவை வேறு பெட்ரோல், டீசல் இன்ஜின்கள்தான். பேட்ஜைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

4ஜி63-க்கு 4ஜி64 என்று ஒரு அண்ணன் உண்டு. போர் 86.5, ஸ்ட்ரோக் 100, பிளாக் உயரம் 6 மி.மீ. கூடுதல். ஒன்றின் க்ராங்க்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) இன்னொன்றின் பிளாக்கில் போடுவதும், இரண்டுக்கும் நடுவே 94 மி.மீ. க்ராங்க் செய்து போடுவதுமாகத்தான் சந்தையில் உள்ள பெரும்பாலான கிட்கள் பிறந்தன. 4ஜி63 பிளாக்கில் 94 போட்டு போரையும் சற்றுக் கூட்டினால் 2.2 லிட்டர், 100 போட்டால் 2.3. 4ஜி64 பிளாக்கில் 100 போட்டால் 2.4.

கணக்கை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் பலர் காசை விடுவது இங்கேதான். பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கின் இரு மடங்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 60-ஆல் வகுப்பது. 88 மி.மீ. க்ராங்க் 9000-ல் சுற்றினால் விநாடிக்கு 26.4 மீட்டர். 100 மி.மீ. க்ராங்க்கில் அதே வேகம் 7920-லேயே வந்துவிடும். போர் ஒன்றாக இருக்கும்போது, இந்த இரண்டு இடத்திலும் நிமிடத்துக்கு இன்ஜின் விழுங்கும் காற்று அச்சு அசலாக ஒன்றுதான். கொள்ளளவு 13.6 சதவீதம் ஏறியது, ஆர்பிஎம் அதே விகிதத்தில் இறங்கியது. ஆக, அதே ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல் பகுதி), அதே டர்போ, அதே பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) என்றால் உச்ச குதிரைத்திறனில் ஸ்ட்ரோக்கர் பெரிதாக எதையும் கூட்டித் தராது. அது தருவது, அதே திறனைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து கொடுப்பது. ஒரு பெரிய டர்போ 2.0-ல் 4800-க்கு முழு பூஸ்ட் காட்டுகிறது என்றால், 2.3-ல் ஏறத்தாழ 4200-ல் காட்டும். சாலையில் ஓட்டுபவருக்கு அந்த 600 ஆர்பிஎம் பெரிய விஷயம். ஆனால் மேல்முனையும் 1100 இறங்கிவிட்டதே! கியர் விகிதம் மாற்றாவிட்டால் ஒவ்வொரு கியரிலும் எட்டும் வேகம் 12 சதவீதம் குறையும். நேர்ப்பாதை நீளமான ட்ராக்கில் ஒரு ஷிஃப்ட் கூடுதலாகப் போட வேண்டி வரலாம்.

2.3-ஐக் கெட்ட பெயரில் தள்ளுவது ராட் விகிதம். பிஸ்டனையும் க்ராங்க்கையும் இணைக்கும் ராடின் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் வருவது இது. ராடு 150 மி.மீ., ஸ்ட்ரோக் 100, அதாவது 1.5. ஒரிஜினல் 2.0-ல் இது 1.70. ராடு அதிகம் சாய்வதால் பிஸ்டன் சுவரை அழுத்துவது கூடும். அதிகபட்சச் சாய்வு 17 டிகிரியிலிருந்து 19.5-க்குப் போகிறது. பிஸ்டனிலும் இடம் சுருங்குகிறது. ராடைப் பிஸ்டனோடு கோக்கும் பின்னின் (pin) மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 35 மி.மீ. இருந்தது, 29 ஆகிவிடும். அந்தப் பின் மேலேறி ஆயில் ரிங் பள்ளத்தை நெருங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் '2.3 தாங்காது' என்பவர்கள் பெரும்பாலும் அதை 9000-க்கு இழுத்துப் பார்த்தவர்கள். 7900-ல் நிறுத்தினால், மேல் முனையில் பிஸ்டனை இழுக்கும் விசை 9000-ல் சுற்றும் 2.0-ஐ விடச் சுமார் 10 சதவீதம் குறைவு. 9000-க்கே போனால் 17 சதவீதம் அதிகம். பிஸ்டன் எடை ஒன்று என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. ரெட்லைனை (ஆர்பிஎம் வரம்பை) மதிக்கும் ஓட்டுநருக்கு 2.3 நல்ல இன்ஜின், மதிக்காதவருக்கு வெடிகுண்டு.

லேத்தில் பார்க்க வேண்டிய வேலையும் இதில்தான் அதிகம். 100 மி.மீ. க்ராங்க் சுற்றும்போது ராடின் பெரிய முனை சிலிண்டரின் அடி விளிம்பில் இடிக்கும். அந்த இடத்தைக் கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, க்ராங்க்கைக் கையால் சுற்றி, ஃபீலர் கேஜ் வைத்து, மறுபடி குடைவார்கள். பின்னால் இருப்பது தண்ணீர் ஓடும் பாதை என்பது நினைவில் இருக்க வேண்டும். பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்களும் இடிக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இந்த வேலையைப் பழகாத கடையில் கொடுப்பதற்கு 2.0-லேயே இருந்துவிடலாம்.

இன்னொன்று கியர் பெட்டி. 700 குதிரைத்திறனை 8500-ல் எடுத்தால் அந்த இடத்தில் டார்க் சுமார் 586 நியூட்டன் மீட்டர். 7500-ல் எடுத்தால் 665. நடுவில் பூஸ்ட் பொங்கும் இடத்தில் இதைவிட அதிகம். கியர் பல்லை உடைப்பது குதிரைத்திறன் அல்ல, டார்க்தான். எவோ 9-ல் வரும் ஆறு கியர் பெட்டி ஐந்து கியர் பெட்டியை விட இந்த விஷயத்தில் பலவீனம் என்பது எவோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 2.3 போடுபவர் கியருக்குக் கியர் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் ஈசியூவுக்கும் (இன்ஜினை ஆளும் கணினிக்கும்) சேர்த்துப் பணம் ஒதுக்கட்டும்.

2.4 என்பது உயரமான பிளாக்கின் பலனை எடுத்துக்கொள்வது. 156 மி.மீ. ராடு போட்டால் விகிதம் 1.56 ஆகிறது, பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஹெட் 6 மி.மீ. மேலே போவதால் டைமிங் பெல்ட் 4ஜி64-உடையதாக இருக்க வேண்டும். டர்போ, டவுன்பைப், இன்டர்கூலர் குழாய், எண்ணெய்க் குழாய் எல்லாம் சற்று விலகி நிற்கும், ஒவ்வொன்றையும் இழுத்துப் பொருத்த வேண்டும். பழைய பிளாக் விரிசல் விட்டுப்போய் எப்படியும் புதிதாகத் தேட வேண்டியவருக்கு இது சரி. மற்றவர்களுக்கு இவ்வளவு சில்லறை வேலை தேவையா என்று கேட்பேன்.

என் ஓட்டு 2.2-க்கு. 94 மி.மீ. க்ராங்க், 150 மி.மீ. ராடு, பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரை 32, விகிதம் 1.6. க்ராங்க்கால் கொள்ளளவில் கிடைப்பது 6.8 சதவீதம்தான், பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளக் கவர்ச்சி இல்லை. ஆனால் 8400 வரை அதே பிஸ்டன் வேகத்தில் போகலாம், பிஸ்டனில் ரிங்குகளுக்கு மூச்சுவிட இடம் உண்டு. ஜப்பானில் எச்கேஎஸ் மாதிரியான உதிரிபாக நிறுவனங்கள் 2.2 கிட்டை விற்றது காரணமில்லாமல் அல்ல. சாலையும் ட்ராக்கும் கலந்து ஓட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மலைப்பாதையிலும் ஊருக்குள்ளும்தான் பெரும்பாலான நேரம் என்றால் மட்டும் 2.3.

டிராக் ரேஸ் (drag, நேர்கோட்டில் குறுகிய தூரப் பந்தயம்) மட்டுமே ஓட்டுபவர் ஸ்ட்ரோக்கர் பக்கமே வர வேண்டியதில்லை. அவர் புறப்படுவதே பூஸ்ட் நிரம்பிய நிலையில்தான், லேக் (பூஸ்ட் வரும் தாமதம்) அவருக்குப் பிரச்சினை அல்ல. 88 மி.மீ. க்ராங்க்கை வைத்துக்கொண்டு, உயரமான 4ஜி64 பிளாக்கில் 162 மி.மீ. ராடு போட்டால் விகிதம் 1.84-க்குப் போகும், 2.1 லிட்டர். 9000-க்கு மேல் சுற்ற இதுதான் வசதி. ஒரே நிபந்தனை, வால்வு பக்கம் கைவைக்காமல் அங்கே போக முடியாது. 4ஜி63-ன் ஹைட்ராலிக் லிஃப்டர் அந்த வேகத்தில் சொன்னபடி கேட்காது. கெட்டி ஸ்பிரிங், சாலிட் லிஃப்டர், பெரிய கேம் என்று ஹெட்டில் ஒரு தொகை இறங்கும். க்ராங்க்கில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்ச் சேரும்.